39,500 ரூபாயில் ஒரு பண்ணை வண்டி

இடுபொருள் செலவைக் குறைப்பது பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா, மீன் அமிலம், பூச்சிவிரட்டி எல்லாமே வீட்டிலேயே தயாராகிறது. உரக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த பணம் நின்றுவிட்டது. ஆனால் நம் கணக்கில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. கூட்டங்களில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதுதான் வண்டி வாடகை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு கோபி பக்கம் இரண்டரை ஏக்கரில் இயற்கை வேளாண்மை. பாதி தென்னை, மீதி காய்கறியும் கீரையும். கணக்கு எழுதுகிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. ஒரு வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது காய்கறியில் மாதம் சராசரியாக 10,000 ரூபாய் வரவு. ஆள் கூலி, விதை, மற்ற செலவு போக 5,200 மிச்சம். வாரத்துக்கு இரண்டு நடை குட்டியானை வாடகை, நடைக்கு 450 வீதம் மாதம் 3,600. அதையும் கழித்தால் கையில் நிற்பது 1,600.

வீட்டுக்காரம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஏனுங்க, இந்த ஆயிரத்து அறுநூறுக்கா நாம ரெண்டு பேரும் நாலு மணிக்கு எந்திரிக்கிறோம்?"

கேள்வி நியாயமானது. காய்கறியை விட்டுவிட்டு முழுக்கத் தென்னை வைத்துவிடலாம் என்கிற பேச்சு வீட்டில் வந்துவிட்டது. நம்மில் பலர் காய்கறியை விட்டதற்குப் பூச்சியும் நோயும் மட்டும் காரணம் இல்லை. விளைந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவும் ஒரு காரணம். சிறு உழவரின் நாற்பது, ஐம்பது கிலோவுக்குத் தனி வண்டி கட்டாது. பஸ்ஸில் ஏற்றினால் நேரம் கட்டாது. இந்த நாற்பது, ஐம்பது கிலோவுக்கு என்ன வழி என்று யோசித்ததில் வந்ததுதான் இந்த வண்டி. இருபது வருஷம் ஓடிய ஒரு பைக்கை வாங்கி, நாலு மாதம் சாயங்கால நேரத்தில் உட்கார்ந்து, பண்ணைக்குத் தகுந்த மாதிரி மாற்றினேன். அந்த விவரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதுசு வாங்கினால் என்ன?

எல்லாரும் கேட்டது இதைத்தான். புது 100 சி.சி. பைக் இன்று ரோட்டுக்கு வரும்போது லட்சத்தை ஒட்டி ஆகிவிடுகிறது. உதாரணத்துக்கு 90,000 ரூபாய் கடன், 12 சதவீத வட்டி, மூன்று வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை கிட்டத்தட்ட 2,990 ரூபாய். வட்டி மட்டும் 17,600 போகும். காய்கறியில் வாடகை கழித்து 1,600 நிற்கிற வீட்டில் 2,990 தவணை எங்கிருந்து வரும்? வாடகையை மிச்சம் பிடித்துத் தவணை கட்டலாம் என்றால், மூன்று வருஷத்துக்கு நாம் அந்தக் கடனுக்குத்தான் உழைக்க வேண்டும். மேலும் புது வண்டியில் சாணியும் கோமியமும் ஏற்ற மனசு வராது. அது வாசலில் துடைத்து வைத்த வண்டியாகவே நிற்கும்.

முதலில் சுமையைப் பாருங்கள்

வண்டியில் கை வைப்பதற்கு முன் சுமையில் கை வைக்க வேண்டும். எங்கள் மாடு வீட்டில், நிலம் மூன்றரை கிலோமீட்டர் தள்ளி. ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் என்பது நமக்கெல்லாம் தெரிந்த அளவு. வீட்டில் கரைத்து 25 லிட்டர் கேன் இரண்டில் கொண்டுபோனால் நாலு நடை. ஆனால் அந்த 200 லிட்டரில் என்ன இருக்கிறது? பத்து கிலோ சாணி, பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். மொத்தம் 24, 25 கிலோதான். மீதி எல்லாம் தண்ணீர். தண்ணீர் நிலத்திலேயே இருக்கிறது. நிலத்தில் நிழலில் ஒரு டிரம் போட்டு அங்கேயே கரைத்துவிட்டால் நாலு நடை ஒரு நடையாகிவிடுகிறது.

தீவனக் கட்டு, தேங்காய், காய்கறிப் பெட்டி என்று ஒவ்வொன்றையும் இதே மாதிரி எடை போட்டுப் பார்த்தேன். ஒரு நேரத்தில் 50 கிலோவுக்கு மேல் கொண்டுபோக வேண்டிய அவசியம் எதற்குமே இல்லை.

100 சி.சி. பைக் இரண்டு ஆட்களைச் சுமக்கச் செய்தது. ஆளுக்கு 65 கிலோ என்றால் 130 கிலோ. என் எடை 68. கேரியர் சட்டம் 9 கிலோ. மிச்சம் 53. காய்கறிப் பெட்டியோ கேனோ, அதன் சொந்த எடையையும் சேர்த்து 53-க்குள் இருக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு இதுதான் எல்லை. சுமை ஏற்றிய அன்று பின்னால் ஆள் கிடையாது.

பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்குப் போயிருப்பீர்கள். மாட்டுக்குப் பல் பார்ப்போம், சுழி பார்ப்போம், நடக்கவிட்டுப் பார்ப்போம். பழைய வண்டிக்கும் அப்படித்தான். பெயிண்ட் பளபளப்பில் ஒன்றும் இல்லை.

நான் வாங்கியது 2004-ல் பதிவான ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். விலை 15,000 ரூபாய். அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எளிமையானது. எந்த ஊரிலும் அதன் உதிரிபாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் அதன் உள்வயிறு தெரியும். அபூர்வமான பழைய வண்டிகள் பார்க்க அழகு. ஆனால் ஒரு சின்ன கேபிளுக்காக ஈரோடு, கோவை என்று அலைய வைத்துவிடும். வேலைக்கு வாங்குகிறவர் அழகுக்கு மயங்கக் கூடாது.

பார்க்க வேண்டியவை இவை.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் பாதி நோய் மறைந்துவிடும்.

புகையின் நிறத்தைப் பாருங்கள். நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது, கார்புரேட்டரைச் சரிசெய்தால் போதும். குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி.

கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். நடுவில் கெட்டியாக எதிர்க்க வேண்டும். வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கினால் இன்ஜினில் கம்ப்ரஷன் இல்லை.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் சிக்கினால் கோன் செட் போய்விட்டது. ஃபோர்க்கில் எண்ணெய் வடிகிறதா, சக்கரம் ஆடுகிறதா பாருங்கள்.

கடைசியாகச் சட்டத்தைப் பாருங்கள். எங்காவது வெல்டிங் வைத்த தடம் இருந்தால் அந்த வண்டி வேண்டாம். இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். வளைந்த சட்டம் வளைந்ததுதான்.

காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும்

இது என் பழைய தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

ஆர்.சி. புக்கில் உள்ள இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வண்டியில் குத்தியிருக்கும் நம்பரோடு ஒத்துப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஆர்.சி.யில் ஏதாவது வங்கியோ நிதி நிறுவனமோ பெயர் ஏறியிருந்தால், கடன் கட்டிய சான்றோடு 35-ம் எண் படிவம் வாங்கி அதை நீக்கிய பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். "கடன் எப்பவோ முடிஞ்சதுங்க" என்று வாயால் சொன்னால் போதாது.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதன் பிறகு வண்டியைக் காட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். நான் வாங்கிய வண்டி 2019-லும் 2024-லும் புதுப்பித்தது, 2029 வரை செல்லும். புதுப்பிக்காத வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் புதுப்பிக்கிற செலவையும் அலைச்சலையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கியதும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். விற்பவருக்கும் இதில் அக்கறை வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் ஊரில் ஒரே ஆர்.சி. பெயரில் மூன்று கை மாறி ஓடுகிற வண்டிகள் எத்தனை இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். முதல் உரிமையாளர் தலைமேல் கத்தி தொங்கிக்கொண்டே இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ரோட்டில் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.

இன்ஜினுக்கு மறுமூச்சு

எங்கள் ஊர் மெக்கானிக் தம்பி இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: "சார், இன்ஜின் செத்துப்போகலைங்க. மூச்சு வாங்குது, அவ்வளவுதான்." நீலப் புகை வந்தது. லேத் பட்டறையில் சிலிண்டரைப் போர் அடித்து, 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங் போட்டோம். வால்வைத் தேய்த்து உட்காரவைத்து, வால்வு சீலும் டைமிங் செயினும் புதுசு. கிளட்ச் பிளேட்டும் மாற்றினோம். பாரம் இழுக்கிற வண்டிக்குக் கிளட்ச்தான் முதலில் தேயும்.

போர் அடித்த இன்ஜினை முதல் 500 கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல், முறுக்காமல் ஓட்ட வேண்டும். ஈன்ற மாட்டை ஏரில் பூட்டுவோமா? அந்த 500 கிலோமீட்டர் முடிந்ததும் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

பெட்ரோல் பற்றி ஒரு எச்சரிக்கை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாயும் வாஷரும் இதற்காகச் செய்யப்படவில்லை. எத்தனாலில் அவை ஊறிப்போய் விரிசல் விடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதனால் பெட்ரோல் குழாய், டேங்க் வால்வு வாஷர், கார்புரேட்டர் ரப்பர் வளையங்கள் ஆகியவற்றை ஒரே தடவையில் மாற்றிவிட்டோம். பெரிய செலவு இல்லை. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

ஒரு பல் குறைத்தால்

பாரத்தோடு வரப்பு மேட்டில் ஏற இழுவை வேண்டும். அதற்கு இன்ஜினைப் பெரிதாக்க வேண்டியதில்லை. செயின் ஸ்பிராக்கெட்டில் முன் சக்கரத்துக்கு 14 பல், பின் சக்கரத்துக்கு 42 பல். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. முன்னால் ஒரு பல் குறைத்து 13 போட்டால் 3.23. அதாவது இழுவை கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடுகிறது, அதே அளவுக்கு வேகம் குறைகிறது. பண்ணை வண்டிக்கு வேகம் எதற்கு? இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்து ஓடுவதால் அதில் காட்டும் அளவும் மாறாது. மைலேஜ் கொஞ்சம் அடிபடும். எனக்குப் பாரத்தோடு லிட்டருக்கு 50 கிடைக்கிறது.

டயர் காற்றில் கவனம் வேண்டும். இந்த வண்டியின் பின் டயருக்குத் தனி ஆளுக்கு 28, பின்னால் ஆள் இருந்தால் 41 பி.எஸ்.ஐ. என்று கையேடு சொல்கிறது. சுமை ஏற்றும்போது 41 வையுங்கள். 28-ல் 50 கிலோ ஏற்றினால் டயர் சூடாகி ஓரம் கிழியும்.

கேரியர்: உயரம் வேண்டாம், அகலம் வேண்டாம்

முக்கால் அங்குலச் சதுரக் குழாயில் கேரியரைப் பட்டறையில் செய்தோம். எனக்கு நானே வைத்துக்கொண்ட விதிகள் ஆறு.

ஒன்று, வண்டிச் சட்டத்தில் எங்கும் வெல்டிங் கூடாது, துளை கூடாது. வண்டியில் ஏற்கெனவே இருக்கிற போல்ட் இடங்களிலேயே மாட்ட வேண்டும். நாலு போல்ட்டைக் கழற்றினால் பழைய ஸ்ப்ளெண்டராகிவிட வேண்டும்.

இரண்டு, சுமை தாழ்வாக இருக்க வேண்டும். சீட்டுக்கு மேல் அடுக்கினால் வளைவில் வண்டி சாய்த்துவிடும். பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் தட்டு வைத்து, அதில் கேனோ கூடையோ உட்கார்கிற மாதிரி செய்தோம். கழுதை மேல் பொதி போடுவதும் இப்படித்தானே, இரண்டு பக்கமும் சமமாக.

மூன்று, சுமையின் நடு பின் சக்கர அச்சுக்கு நேராகவோ நாலு விரல் முன்னாலோ இருக்க வேண்டும். அச்சுக்குப் பின்னால் போனால் முன் சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில்பார் பேச்சைக் கேட்காது.

நான்கு, ஹேண்டில்பார் அகலத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் ஹேண்டில்பார் 29 அங்குலம், கேரியர் 28. ஹேண்டில்பார் நுழைகிற சந்தில் வண்டியும் நுழையும்.

ஐந்து, பின் விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மூன்றும் மறையக் கூடாது. நம் காய்கறி விடியற்காலை இருட்டில் போகிறது.

ஆறு, சைலன்சருக்கும் தட்டுக்கும் நாலு விரல் இடைவெளி, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. கீரைக் கூடை வலது பக்கம் வெந்து போகாமல் இருக்க இதுதான் வழி. கிக்கரை உதைக்கும்போது கால் கேரியரில் இடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இயற்கை உழவருக்கென்று தனியாக ஒன்று. கோமியம் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு, அதன் மேல் எனாமல். தட்டில் தண்ணீர் வடியத் துளை. சாணி, கோமியம் கொண்டுபோன அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். தயாரான ஜீவாமிர்தத்தை எப்போதாவது கேனில் கொண்டுபோக நேர்ந்தால் மூடியை இறுக்க அடைக்காதீர்கள். நொதித்துக்கொண்டே இருப்பதால் காற்று சேர்ந்து மூடியைத் தள்ளிவிடும். மூடியில் துளையிட்டு ஒரு சின்னக் குழாய் சொருகுங்கள். அரைக் கேன் கொண்டுபோகாதீர்கள். பாதி நிறைந்த கேனில் தண்ணீர் அலையடித்து வண்டியை இழுக்கும்.

எதுவரை மாற்றலாம்?

குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி என்ற உழவர் 1990-களில் செய்த வேலை நம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வறட்சியில் மாடு வைத்திருக்க முடியவில்லை, டிராக்டருக்கு வசதியில்லை. ஒரு பழைய புல்லட்டின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு சக்கரத்தோடு உழவுக் கருவி பூட்டுகிற சட்டத்தை மாட்டினார். உழவு, விதைப்பு, களையெடுப்பு எல்லாம் அதிலேயே. 'புல்லட் சாந்தி' என்று பெயர். பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய தேனீ வலையமைப்பும் தேசியப் புத்தாக்க நிறுவனமும் அவருக்குத் துணை நின்றன. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நம் திருவொற்றியூரில் செய்த வண்டி, சௌராஷ்டிரத்துக் கரிசலில் ஏர் உழுதது.

ஆனால் நிலத்துக்குள் ஓடுகிற கருவி வேறு, ரோட்டில் ஓடுகிற வண்டி வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவு, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, இப்படி மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இன்ஜினை மாற்றுவது, மூன்றாம் சக்கரம் வைப்பது, சட்டத்தை வெட்டி நீட்டுவது, சைலன்சரை மாற்றுவது எல்லாம் வேண்டாம். சென்னை மீன்பாடி வண்டிகள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டும், சட்டச் சிக்கலிலிருந்து இன்னும் மீளவில்லை. விபத்து என்று வந்தால் காப்பீடு கைவிட்டுவிடும், அதுதான் பெரிய ஆபத்து. போல்ட்டில் கழற்றி மாட்டுகிற கேரியரோடு நான் நின்றுகொண்டதற்குக் காரணம் இதுதான். அதையும் ஒருமுறை உங்கள் பகுதி மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. நம் விளைச்சலை நாம் கொண்டுபோகலாம். வாடகைக்கு அடுத்தவர் சுமையை ஏற்றக் கூடாது.

மண்ணுக்குள் போகக் கூடாதவை

நாம் ரசாயனம் வேண்டாம் என்று சொல்கிறவர்கள். வண்டி வேலையில் வருகிற கழிவு சாதாரண விஷம் இல்லை. பழைய இன்ஜின் ஆயிலைக் கரையானுக்கு வேலிக்காலில் ஊற்றுவது நம் பக்கம் பரவலான பழக்கம். தேய்ந்த இரும்பின் துகளும் கன உலோகமும் எரிந்த எண்ணெயின் நஞ்சும் அதில் இருக்கின்றன. மண்புழு அந்த இடத்தில் தங்காது, மழையில் அது கிணற்றுக்கும் போகும். ஆயிலை டப்பாவில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். வேலிக்கால் நட, அடிப்பகுதியை நெருப்பில் கரியாகும்வரை வாட்டுகிற பழைய முறையே போதும்.

பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கிறது. புது பேட்டரி வாங்கும்போது கடையில் திருப்பிக் கொடுத்தால் விலையிலும் கழிப்பார்கள். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்க வாய்ப்பு உண்டு. பிரேக் டிரம்மில் இருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். புகைச் சான்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் எடுங்கள். நீலப் புகை விட்டுக்கொண்டு போய் இயற்கைக் காய்கறி விற்பது நமக்கு அழகில்லை.

விதையும் வண்டியும்

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு வரும் வண்டிகளில் கார்புரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் அமைப்பு வந்துவிட்டது. புகை குறைந்தது, அது நல்லது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோளாறு வந்தால் ஸ்கேனர் இல்லாமல் என்னவென்று தெரியாது. எங்கள் மெக்கானிக் தம்பி சொல்கிறார்: "முன்னாடி சத்தம் கேட்டே நோய் சொல்லுவனுங்க சார். இப்ப மிஷின் சொன்னாத்தான் எனக்கே தெரியுது."

இது நமக்குப் பழகிய கதை. எடுத்து வைத்துத் திரும்ப விதைக்கிற நாட்டு விதையும், ஒவ்வொரு போகத்துக்கும் கடைக்கு ஓட வைக்கிற வீரிய விதையும் போலத்தான். நம் கையால் சரிசெய்ய முடிகிற பொருள் நம்முடையது. முடியாத பொருளுக்கு நாம் வெறும் வாடிக்கையாளர். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் 'பழுது நீக்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தபோது, வாகனங்களோடு விவசாயக் கருவிகளையும் அதில் சேர்த்தது. பவர் டில்லர், களையெடுப்பான் வாங்குகிற நாமும் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "இதை எங்க ஊர்லயே பிரிச்சுச் சேர்க்க முடியுமுங்களா?"

செலவுக் கணக்கு

வண்டி விலை: ரூ. 15,000
இன்ஜின் வேலை, கூலி உட்பட: ரூ. 7,800
கிளட்ச் பிளேட்: ரூ. 900
செயின் ஸ்பிராக்கெட்: ரூ. 1,400
இரண்டு டயர், டியூப்: ரூ. 3,900
பின் ஷாக் அப்சார்பர்: ரூ. 1,900
முன் ஃபோர்க் சீல், ஆயில்: ரூ. 600
பிரேக் ஷூ, கேபிள்: ரூ. 850
வயரிங், பேட்டரி, பல்பு: ரூ. 2,350
கேரியர், கூலி உட்பட: ரூ. 3,600
பெயிண்ட்: ரூ. 1,200
மொத்தம்: ரூ. 39,500

பெயர் மாற்றமும் காப்பீடும் இதில் சேராது. பிரித்துக் கழுவுவது, துரு சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது, வயரிங் ஆகியவற்றை நானே செய்தேன். அறுபது வயதுக்கு மேல் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொள்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. கழற்றிய வரிசையில் போல்ட்டுகளைத் தட்டில் அடுக்கி வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

குட்டியானை இரண்டு நடையில் கொண்டுபோன 200 கிலோவை, பைக்கில் வாரத்துக்கு நாலு நடையாகக் கொண்டுபோகிறேன். போக வர 22 கிலோமீட்டர். மாதம் 17 நடை, 374 கிலோமீட்டர், ஏழரை லிட்டர் பெட்ரோல், சுமார் 765 ரூபாய். தேய்மானத்துக்கு மாதம் 400 எடுத்து வைக்கிறேன். மொத்தம் 1,165. வாடகை 3,600-ல் மிச்சம் 2,435. போட்ட பணம் 16 மாதத்தில் திரும்பிவிடும். கையில் நிற்கும் 1,600 இப்போது 4,035. நாலு நாள் போவதால் கீரை வாடி வீணாவதும் குறைந்திருக்கிறது. அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கூடுதல் இரண்டு நடைக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் என் நேரம் போகிறது. அதற்கும் கூலி போடவில்லை.

காய்கறியை விடுகிற பேச்சு வீட்டில் இப்போது இல்லை.

இது எல்லாருக்கும் ஒத்துவராது. தினமும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட வேண்டியவர்கள், ஒரு நேரத்தில் நூறு கிலோவுக்கு மேல் கொண்டுபோகிறவர்கள், மலைப்பாதையில் இருப்பவர்கள் இதை நினைக்க வேண்டாம். டிரம் பிரேக்கும் 100 சி.சி. இன்ஜினும் அதற்குத் தாங்காது. பாரத்தோடு நான் 40-ஐத் தாண்டுவதில்லை. பாரம் இருந்தால் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும் கூடும். முன் வண்டிக்கு எப்போதும் விடுகிற இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

மற்றவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். இந்த மாதம் முழுக்க ஒரு நோட்டில் எத்தனை நடை, எத்தனை கிலோ, எவ்வளவு வாடகை என்று எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். நடைக்கு 50 கிலோவுக்குள் வருகிறது என்றால், உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கோழி அடைகிற அந்தப் பழைய பைக்கை ஒரு தடவை உதைத்துப் பாருங்கள்.